பாடலோடு அதன் பெயரையும் கொடுங்கள்

சென்ற வாரம் நண்பர் ஒருவர் எனக்கு 47 பழைய பாடல்களை ஒரே தவணையில் அனுப்பியிருந்தார். "எல்லாமே அபூர்வம், எங்கேயும் கிடைக்காது, கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி மட்டும் உடன் வந்தது. கோப்புகளைத் திறந்தால் 'ட்ராக் 01', 'ட்ராக் 02' என்ற எண்களைத் தவிர வேறொன்றும் இல்லை. யார் பாடியது, யார் எழுதியது, யார் இசையமைத்தது, எந்த ஆண்டு வந்தது என்பதற்குத் தடயமே கிடையாது. அவருடைய அன்பில் எனக்குச் சிறிதும் ஐயமில்லை. அவற்றைச் சேர்ப்பதற்கு அவர் எத்தனை இரவுகள் கண்விழித்திருப்பார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த 47இல் இதுவரை மூன்றைத்தான் கேட்டிருக்கிறேன். அந்த மூன்றில் எது எப்படி இருந்தது என்று இப்போது கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

அதிகம் அறியப்படாத பழைய பாடல்களைப் பகிர்ந்துகொள்ளும் நம்மைப் போன்றவர்களிடம் நெடுநாளாகவே நான் சொல்ல நினைத்த ஒன்று உண்டு. பாடலை அனுப்பும்போது அதன் பெயர் விவரத்தையும் சேர்த்து அனுப்புங்கள். விவரம் தெரியாவிட்டால் தெரியாது என்பதையாவது எழுதுங்கள். எல்லோருக்கும் தெரிந்த பாடலுக்கு இது தேவைப்படாமல் போகலாம், ஏனென்றால் அதன் பெயரைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். யாரும் கேட்டிராத பாடலுக்கோ நாம் ஒருவர்தான் சாட்சி.

ஒலிப்பதிவுக் கலையின் தொடக்க நாட்களில் இருந்தவர்கள் இதை நம்மைவிட நன்றாக அறிந்திருந்தார்கள். 1902 நவம்பரில் கல்கத்தாவில் கிராமபோன் நிறுவனத்தின் சார்பில் ஃபிரெட் கைஸ்பெர்க் ஒலிப்பதிவு செய்தபோது, இந்துஸ்தானிப் பாடகி கௌஹர் ஜான் தம் பாட்டை முடித்த கையோடு "மை நேம் இஸ் கௌஹர் ஜான்" என்று ஆங்கிலத்தில் உரக்கச் சொன்னார். இன்று அந்தப் பதிவுகளைக் கேட்கும் பலர் அதை ஒரு கலைஞரின் பெருமிதமாகவே எடுத்துக்கொள்கிறார்கள். பெருமிதமும் இருந்திருக்கலாம், ஆனால் அதற்கு ஒரு நடைமுறைக் காரணம் இருந்தது. மெழுகுத் தட்டில் பதிவான பாட்டு கப்பலேறி ஜெர்மனியின் ஹானோவர் நகருக்குப் போய், அங்கேதான் இசைத்தட்டாக அச்சாகும். மொழியும் இசையும் அறியாத தொழிலாளர்கள் எந்தத் தட்டுக்கு எந்தப் பெயரை ஒட்டுவது என்று குழம்பிவிடாமல் இருக்கவே பாடியவர் தம் பெயரைப் பாட்டின் வாலிலேயே முடிந்துவைத்தார். சீட்டு கிழிந்து போனாலும், உறை மாறிப் போனாலும், குரல் தன் பெயரைத் தானே சொல்லிக்கொள்ளும். நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அது சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது.

இதற்கு நேர் எதிரான கதை ஒன்று 1984 வாக்கில் ஜெர்மனியில் தொடங்கியது. வானொலியில் வரும் பாடல்களை ஒலிநாடாவில் பதிந்து வைக்கும் பழக்கமுள்ள ஓர் இளைஞர், தம் தொகுப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காக அறிவிப்பாளரின் பேச்சை விட்டுவிட்டுப் பாட்டை மட்டும் பதிவு செய்து வந்தார். அப்படிப் பதிவான பாடல்களில் ஒன்றின் பெயரும் குழுவும் பிற்பாடு யாருக்கும் தெரியவில்லை. 2007இல் அவருடைய குடும்பத்தார் அதை இணையத்தில் ஏற்றி, இது யாருடைய பாட்டு என்று கேட்டார்கள். ஆண்டுகள் செல்லச் செல்லத் தேடுவோரின் கூட்டம் பெருகியது. 'இணையத்தின் மிக மர்மமான பாடல்' என்றே அதற்குப் பெயர் நிலைத்துவிட்டது. உலகின் பல மூலைகளில் இருந்த ஆர்வலர்கள் வானொலி நிலையத்தின் பழைய பட்டியல்களையும் அக்கால இசைக்குழுக்களின் பெயர்களையும் சலித்தெடுத்தார்கள். கடைசியில் பழைய நாளிதழ்களைப் புரட்டிய ஒருவர், கீல் நகரத்தைச் சேர்ந்த 'ஃபெக்ஸ்' என்ற குழுவின் பெயரில் கையை வைத்தார். 2024 நவம்பரில்தான் விடை கிடைத்தது. குழுவினர் உயிரோடு இருந்தார்கள். தங்களுடைய பாடலை உலகம் தேடிக்கொண்டிருக்கிறது என்பதே அதுவரை அவர்களுக்குத் தெரியாது.

அறிவிப்பாளருக்குக் குழுவின் பெயரைச் சொல்ல சில நொடிகள் ஆகியிருக்கும். அந்தச் சில நொடிகளை விட்டுவிட்டதற்கு விலை நாற்பது ஆண்டு. அந்த இளைஞரை நான் குறை சொல்லவில்லை, ஏனென்றால் நானும் அதையே செய்தவன். பாட்டுக்கு முன்னால் பேச்சு வந்தால் பதிவுப் பொத்தானிலிருந்து விரலை எடுத்துவிட்டு, இசை தொடங்கிய பிறகே அழுத்துவேன். அறிவிப்பாளர்களோ எவ்வளவு பொறுப்பாகப் பேசினார்கள்! இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பாடியவரோடு எழுதியவரையும் இசையமைத்தவரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லும் அந்தக் குரல்களே பாடத்திட்டமாக இருந்தன. பாடலாசிரியர்கள் பலரின் பெயர்கள் நம் மனத்தில் பதிந்தது அந்த அறிவிப்புகளால்தான். நாம் பாட்டு சுத்தமாக வேண்டும் என்று அந்தப் பேச்சை வெட்டினோம். வெட்டியது பாட்டின் பிறப்புச் சான்றிதழை.

இன்று 10 கோடிப் பாடல்களுக்கு மேல் ஒரே செயலியில் கிடைக்கும் காலத்தில் இந்தக் கவலை எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். அங்கே போய்ப் பழைய பாடல் ஒன்றைத் தேடிப் பாருங்கள். அறுபது ஆண்டுகளுக்கு முந்தைய பாட்டுக்கு, ஏதோ ஒரு தொகுப்பில் அது மறுபடி சேர்க்கப்பட்ட ஆண்டே வெளிவந்த ஆண்டாகக் காட்டப்படும். பாடலாசிரியர் பெயர் இருக்க வேண்டிய இடம் பெரும்பாலும் வெறுமையாக இருக்கும். இருவர் பாடியதில் புகழ்பெற்ற ஒருவரின் பெயர் மட்டும் நிற்கும். எண்ணிம (டிஜிட்டல்) வடிவமாகிவிட்டால் எதுவும் அழியாது என்பதும் வெறும் நம்பிக்கைதான்: மைஸ்பேஸ் தளத்தில் 2003 முதல் 2015 வரை கலைஞர்கள் ஏற்றிவைத்த 5 கோடிப் பாடல்கள் வழங்கி (சர்வர்) மாற்றத்தின்போது தொலைந்துபோனதாக 2019இல் செய்தி வந்தது. அவற்றில் எத்தனைக்கு வேறெங்கும் படி இல்லையோ!

என் பங்குக்கு நான் செய்த பிழையையும் இங்கே சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரிய பாடலைப் பகிர்ந்தபோது, குரலின் சாயலை மட்டும் வைத்து, புகழ்பெற்ற ஒரு பாடகியின் பெயரை உறுதியாக எழுதிவிட்டேன். பலர் அதை அப்படியே எடுத்துப் பகிர்ந்தார்கள். ஏழெட்டு மாதம் கழித்து அந்த இசைத்தட்டின் நடுச்சீட்டைப் படமெடுத்து ஒருவர் அனுப்பினார். அதில் இருந்தது நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர். உடனே திருத்தினேன். ஆனால் என் பதிவைத்தான் என்னால் திருத்த முடிந்தது. கைமாறிப் போனவற்றை ஒன்றும் செய்ய முடியவில்லை. இன்றும் ஆண்டுக்கு ஓரிரு முறை அந்தத் தவறான பெயரோடு அந்தப் பாட்டு என்னிடமே திரும்பி வருகிறது. ஒருவேளை அந்த அம்மையார் வாழ்நாளில் ஐந்தாறு பாடல்களே பாடியிருக்கலாம். அவற்றில் ஒன்றைப் பிடுங்கி, ஆயிரக்கணக்கில் பாடியவரின் கணக்கில் சேர்த்தவன் நான். இத்தகைய பிழைகள் எப்போதும் பள்ளத்திலிருந்து மேட்டுக்கே பாய்கின்றன; புகழ்பெற்றவரின் பாட்டை அறியப்படாதவரின் பெயரில் யாரும் தவறியும் எழுதுவதில்லை. அதன் பிறகு, சீட்டையோ படத்தின் பெயரட்டையையோ கண்ணால் பார்க்காமல் பெயர் எழுதுவதை நிறுத்திவிட்டேன். 'குரல் இன்னாருடையது போலத் தோன்றுகிறது, உறுதியில்லை' என்று எழுதுவதில் எந்தக் குறைவும் இல்லை.

பெயருக்கு அடுத்தபடியாக நான் கவலைப்படுவது வேகத்தைப் பற்றி. நிமிடத்துக்கு 78 முறை சுழல்வதை '78 சுற்று இசைத்தட்டு' என்று நாம் பொதுவாகச் சொன்னாலும், தொடக்க காலத் தட்டுகள் பல அதற்குக் கூடுதலாகவோ குறைவாகவோ உள்ள வேகத்தில் பதிவானவை. ஏறத்தாழ 74 சுற்றில் பதிவான ஒன்றை 78இல் ஓட்டினால் சுருதி கிட்டத்தட்ட அரைக் கட்டை ஏறிவிடும், தாளம் விரையும், நிதானமாகப் பாடியவர் பதற்றத்தோடு பாடியதுபோல் ஒலிப்பார். 'அந்தக் காலத்தில் எல்லோரும் கீச்சுக் குரலில்தான் பாடினார்கள்' என்ற எண்ணத்துக்குத் தவறான வேகத்தில் எடுத்த படிகளும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன். இரைச்சல் நீக்கும் மென்பொருளும் அப்படித்தான். அளவோடு பயன்படுத்தினால் நல்லது. அளவு மீறினால் அரக்குத் தட்டின் கரகரப்போடு சேர்ந்து தம்புராவின் நாதமும், வயலின் வில்லின் உராய்வும், உச்சத்துக்குப் போகுமுன் பாடகர் இழுக்கும் மூச்சும் போய்விடும். மூச்சை எடுத்துவிட்டால் பிறகு அங்கே யார் பாடுகிறார்கள்?

பகிர்வதில் எவ்வளவு கவனம் வேண்டும் என்பதற்கு நான் எப்போதும் நினைத்துக்கொள்வது 1977இல் நாசா ஏவிய இரண்டு வாயேஜர் விண்கலங்களில் சென்ற பொன்முலாம் பூசிய இசைத்தட்டுகளை. வானியலாளர் கார்ல் சேகன் தலைமையிலான குழு ஏறக்குறைய 90 நிமிட இசையாக 27 உருப்படிகளைத் தேர்ந்தெடுத்தது. அவற்றுள் ஒன்று இந்துஸ்தானிப் பாடகி கேசர்பாய் கேர்க்கர் பைரவி ராகத்தில் பாடியது. அதைச் சேர்த்தே ஆக வேண்டும் என்று பரிந்துரைத்தவர் இசை ஆய்வாளர் ராபர்ட் பிரவுன். அப்போது அந்தத் தட்டு விற்பனையில் இல்லை. கடை கடையாகத் தேடி, கடைசியில் நியூயார்க்கில் ஒரு கடையில் கண்டெடுத்தார்கள். மூன்றரை நிமிடப் பாட்டு அது. இரண்டு கலங்களும் புறப்பட்ட சில நாட்களுக்குள், அந்த ஆண்டு செப்டம்பரில் கேசர்பாய் காலமானார். அந்தத் தட்டின் உறையை நான் படத்தில் பல முறை பார்த்திருக்கிறேன். யார் கையில் கிடைக்கும், எப்போது கிடைக்கும், கிடைத்தவருக்குக் காது உண்டா என்பதுகூடத் தெரியாத நிலையில், தட்டை ஒலிக்கச் செய்யும் முள்ளையும் உடன் வைத்து, நிமிடத்துக்கு 16⅔ சுற்று என்ற வேகத்தை ஹைட்ரஜன் அணுவின் கால அளவைக் கொண்டு படமாக வரைந்து அனுப்பினார்கள். முகம் தெரியாத யாருக்கோ அவ்வளவு விளக்கம் எழுதியவர்கள் அவர்கள். நாம் நன்றாகத் தெரிந்த நண்பருக்கு இரண்டு வரி எழுதத் தயங்குகிறோம்.

ஆகவே நான் வைத்துக்கொண்டிருக்கும் வழக்கம் இதுதான்: ஒரு நேரத்தில் ஒரு பாட்டு. கூடவே விவரங்கள், எங்கிருந்து கிடைத்தது, யார் பாதுகாத்துத் தந்தது, அதன் பிறகு, நான் எந்த இடத்தில் நின்றுபோனேன் என்று ஒரு வரி. 'அருமையான பாட்டு' என்று எழுதினால் கேட்பவருக்கு ஒன்றும் கிடைப்பதில்லை. 'இரண்டாம் சரணத்துக்கு முந்தைய இடையிசையில் கிளாரினெட் விட்ட இடத்திலிருந்து பாடகியின் ஹம்மிங் தொடங்குகிறது, எது எங்கே முடிந்தது என்று பிரிக்க முடிகிறதா பாருங்கள்' என்று எழுதினால், அவர் அந்த இடத்துக்காகக் காத்திருந்து கேட்பார். அப்படிக் கேட்டவர் மறுநாள் நீங்கள் கவனிக்காத வேறோர் இடத்தைச் சொல்வார். விற்பனையிலோ முறையான தளத்திலோ கிடைக்கும் பாடலாக இருந்தால் அந்த இணைப்பையே கொடுப்பது உரியவர்களுக்குச் செய்யும் மரியாதை.

சேகரிப்பாளர்களிடமும் ஒரு வேண்டுகோள். ஒரு தட்டைத் தேடிக் கண்டுபிடித்து, கழுவித் துடைத்து, படியெடுப்பது எத்தகைய உழைப்பு என்பதை அறிந்தே சொல்கிறேன். படியெடுத்தவர் பெயரைச் சொல்லாமல் எடுத்துப் பகிர்பவர்கள் செய்வது தவறுதான். ஆனால் அதற்காகப் பல்லவியின் நடுவே உங்கள் பெயரை உங்கள் குரலில் ஒலிக்கவிடாதீர்கள். கௌஹர் ஜான் தம் பெயரைச் சொன்னது பாட்டு முடிந்த பிறகு. ஒரே ஒரு படி மட்டும் உள்ள பாட்டைப் பூட்டிவைத்திருப்பவர்களும், நம்பிக்கையான இரண்டு பேரிடமாவது ஒரு நகலைக் கொடுத்து வையுங்கள்.

என்னிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. பெயர் தெரியாததால் இத்தனை நாள் பகிரத் தயங்கிய அதை இந்தப் பதிவின் கீழே ஏற்றியிருக்கிறேன். வானொலியிலிருந்து என் கைப்படப் பதிந்தது. முதலில் அறிவிப்பாளரின் கடைசிச் சொல் மட்டும் "...குழுவினர்" என்று ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதற்கு முன்னால் இருந்த பெயரை நான்தான் வெட்டினேன். பிறகு குழல், இரண்டு வரித் தொகையறா, பெண் குரல். பல்லவி விளக்கை நோக்கிப் பேசுவதுபோல் அமைந்தது. 2 நிமிடம் 40 நொடியில், இரண்டாம் சரணம் முடிவதற்குள் நாடா தீர்ந்துவிடுகிறது. வேகத்தையோ இரைச்சலையோ நான் தொடவில்லை. யாருக்காவது அந்தப் பெயர் தெரிந்தால், அல்லது மிச்சமுள்ள சரணம் நினைவிருந்தால், தயவுசெய்து எழுதுங்கள்.