10,000 பவுண்டுக்கு மேல் இழுக்க டீசல்தான் வேண்டுமா?

"டிரெய்லர் எடை 10,000 பவுண்டைத் தாண்டினால் பெட்ரோல் பிக்கப் தாங்காது, டீசல்தான் வாங்க வேண்டும்" என்று அமெரிக்கத் தமிழர்களிடையே ஒரு பேச்சு உலவுகிறது. இது தவறு. ஃபோர்டின் கனரகப் பிக்கப்பான சூப்பர் டூட்டியின் 7.3 லிட்டர் வி8 பெட்ரோல் எஞ்சின் 430 குதிரைத்திறன் தரும். சரியான ஆக்சில் விகிதம் (பின் அச்சின் கியர் விகிதம்) இருந்தால் அந்த எடையை இழுக்கும்.

பெரும்பாலும் முதலில் தீர்ந்துபோவது இழுவிசை அல்ல, பேலோட், அதாவது வண்டி தன் மேல் தாங்கக்கூடிய சுமை. 12,000 பவுண்டு ஃபிஃப்த் வீல் டிரெய்லரை (பிக்கப்பின் சரக்குத் தொட்டிக்குள் மாட்டப்படும் வகை) எடுத்துக்கொள்ளுங்கள். அதில் சுமார் 20 சதவீதம், அதாவது 2,400 பவுண்டு, வண்டியின் மேல் இறங்கும். டிரெய்லரை மாட்டும் கொக்கியான ஹிட்ச் 150, இரண்டு பேர் 350 என்று சேர்த்தால் 2,900 பவுண்டு பேலோட் தேவை. டீசல் எஞ்சினே பல நூறு பவுண்டு கூடுதல் எடை. அதனால் வண்டியும் அதன் மேல் உள்ள சுமையும் சேர்ந்த மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டாக உள்ள முக்கால் டன் (F-250 ரக) வண்டிகளில், டீசலைவிடப் பெட்ரோல் வண்டிக்கே பேலோட் அதிகம். ஓட்டுநர் கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் பேலோட் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். விளம்பர எண்ணை நம்பாதீர்கள். வாங்கிய பின் டிரெய்லரை மாட்டி, லாரி எடைமேடையில் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள்.

ஏற்றத்தில் எஞ்சின் நிமிடத்துக்கு 4,500 சுற்றில் அலறுவது கோளாறு அல்ல, பெட்ரோல் எஞ்சினின் இயல்பு. ஆனால் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் டர்போ இந்த எஞ்சினில் இல்லாததால் ஒவ்வொரு 1,000 அடி உயரத்துக்கும் ஏறத்தாழ 3 சதவீதம் திறன் குறையும். இறக்கத்தில் புகைவாயுவைத் தடுத்து வேகத்தைக் குறைக்கும் டீசலின் எக்ஸாஸ்ட் பிரேக்கும் இதில் கிடையாது. வாரந்தோறும் ராக்கி மலைக் கணவாய்களைக் கடப்பவர்கள் டீசலே வாங்கலாம்.