எதற்கு ஐயா அந்த '4 மணி'?

போன வாரம் என் அத்தை ஒரு சாவுக்குப் போய், முகம்கூடப் பார்க்காமல் திரும்பி வந்தார். காரணம், எங்கள் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் ஒருவர் போட்ட '4 மணி'.

இறந்தவர் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில், ரப்பர் தோட்டத்தில் அத்தைக்குப் பக்கத்து நிரையில் இருபது வருடம் பால்மரம் சீவியவர். காலையில் குழுவில் செய்தி வந்ததும், "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" என்று நான்தான் கேட்டேன். வீட்டுக்காரர்களுக்கும் அழைத்துப் பார்த்தேன். சாவு வீட்டில் யார் போன் எடுப்பார்கள்? என் கேள்விக்குக் கீழேயே இன்னொருவர் கோயில் கூட்டம் எப்போது என்று கேட்டிருந்தார். அப்புறம் ஆழ்ந்த இரங்கல், கைகூப்பிய படம், ஓம் சாந்தி என்று அறுபது எழுபது வந்து குவிந்தன. நடுவில் ரோஜாப்பூ போட்ட காலை வணக்கம் வேறு. அந்தக் குவியலுக்குள் வந்து விழுந்ததுதான் '4 மணி'. அது கோயில் கூட்டத்துக்கான பதில் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

கிள்ளானிலிருந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் காரோட்டி அத்தையைக் கூட்டிப் போனேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி மூன்றேகால். பந்தலுக்கடியில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மணிக்கே எடுத்துவிட்டார்களாம். அத்தை மாலையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார். "ஒரு வார்த்தை சரியா சொல்ல ஆளில்லையா தம்பி?" என்றார். நான் என்ன சொல்வது?

எந்தச் செய்திக்குப் பதிலோ அதை விரலால் வலப்பக்கம் இழுத்துவிட்டு எழுதினால், அந்தக் கேள்வியும் உங்கள் பதிலோடு சேர்ந்தே போகும். ஒரு நொடி வேலை. தவறாகப் போட்டுவிட்டால் 15 நிமிடத்துக்குள் திருத்தவும் வசதி உண்டு. அதுவும் தெரியாதென்றால், 'கோயில் கூட்டம் 4 மணிக்கு' என்று முழுசாக எழுதுங்கள். கூட இரண்டு சொல், அவ்வளவுதானே? அந்த இரண்டு சொல்லுக்கா இவ்வளவு சோம்பல்?

தோட்டத்தில் விடியுமுன்னே பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு, நடக்கும். கிராணி (தோட்டக் கணக்கர்) பெயரைக் கூப்பிடுவார். பெயருக்குரியவர் மட்டும்தான் குரல் கொடுப்பார். பக்கத்தில் நிற்பவர் பதில் சொன்னால் கணக்கே குழம்பிவிடும் என்பது எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் பாட்டிக்குத் தெரிந்திருந்தது. கையில் நல்ல போன் வைத்திருக்கும் நமக்கு அது தெரியவில்லை.

இரங்கல் சொல்ல வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சொல்லுங்கள். ஆனால் நேரம், இடம் கேட்டு யாராவது காத்திருக்கிறார்களா என்று மேலே ஒரு தடவை தள்ளிப் பாருங்கள். பதில் தெரிந்தால் முதலில் அதைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால், அந்தச் செய்தியை அழுத்திப் பிடித்துக் கைகூப்பும் குறியை வைத்தாலே போதும், தனி வரியாக வந்து மற்றதைக் கீழே தள்ளாது. குழுவை நடத்துகிறவர்களும் சாவுச் செய்தி வந்த அன்று கொஞ்ச நேரம் மற்றவர்கள் எழுத முடியாதபடி பூட்டி வைக்கலாம். அதற்கும் வசதி இருக்கிறது.

அப்புறம் அந்த இரண்டு பேர் சண்டை. கடன் வாங்கிய முந்நூறு வெள்ளிக்காக இருநூறு பேர் முன்னால் மாறி மாறிக் குரல் பதிவு. தனியாகப் பேசித் தீர்க்க வேண்டியதை ஊரே ஏன் கேட்க வேண்டும்?

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று சிலர் கேட்கிறார்கள். ரப்பர் போய் செம்பனை வந்தது, தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களை உடைத்தார்கள், பிள்ளைகள் கிள்ளானுக்கும் ஜொகூர் பாருவுக்கும் சிங்கப்பூருக்கும் பிழைக்கப் போனார்கள். முன்பு ஒரு சாவு என்றால் லயத்துக்கு லயம் ஆள் போய்ச் சொல்லும். இன்று நமக்கு மிஞ்சியிருப்பது இந்தக் குழு ஒன்றுதான். இதையும் குப்பைமேடாக்கினால் ஒருவர் சாவுக்கு ஒருவர் எப்படிப் போய்ச் சேருவது?

நேற்று இரவு குழுவைத் திறந்தேன். அன்னதானத்துக்கு அரிசி வந்துவிட்டதா, சனிக்கிழமை வேன் உண்டா, தமிழ்ப்பள்ளி பெற்றோர் கூட்டம் தள்ளிப்போனதா என்று மூன்று கேள்விகள். கீழே ஒரே ஒரு 'ஆமாம்'.

எதற்கு ஐயா ஆமாம்?