ஃபின்லாந்தில் யாரும் வேலையை விடவில்லை

சார், "ஃபின்லாந்தில் சும்மா பணம் கொடுத்ததும் ஜனங்கள் வேலைக்குப் போவதை விட்டார்கள், அதனால் திட்டத்தைப் பாதியில் நிறுத்தினார்கள். கர்நாடக அரசின் கிருஹலட்சுமித் திட்டமும் அதே கதைதான்" என்று எழுதியிருக்கிறீர்கள். தவறு. 2017, 2018 இரண்டு ஆண்டுகள் மட்டும் என்று முதலிலேயே முடிவான அடிப்படை வருமானச் சோதனை அது. வேலையில்லாத 2,000 பேருக்கு மாதம் 560 யூரோ. வேலை கிடைத்தாலும் பணம் நிற்காது. இரண்டாம் ஆண்டில் அவர்கள், இந்தப் பணம் கிடைக்காத மற்ற வேலையில்லாதவர்களைவிடச் சராசரியாக ஆறு நாள் கூடுதலாகவே வேலை பார்த்தார்கள். அந்தச் சமயத்தில் வேறொரு சட்டமும் மாறியதால், ஆறு நாளையும் இந்தப் பணத்தின் கணக்கில் எழுத முடியாது. ஆனால் வேலை குறையவில்லை.

அப்புறம், கிருஹலட்சுமி எல்லோருக்கும் கொடுக்கும் அடிப்படை வருமானமே இல்லை. குடும்பத் தலைவிக்கு மட்டும் மாதம் 2,000 ரூபாய். பெங்களூரில் எங்கள் அல்சூரில் அதை வாங்கிக்கொண்டே விடிகாலையில் நாலு வீட்டு வேலைக்குக் கிளம்பும் அக்காக்களைத் தினமும் பார்க்கிறேன். அந்தப் பணம் அவர்கள் வாடகையில் பாதிக்குக்கூட வராது.