எங்கள் ஒழுங்கைக் கான் யாருக்குச் சொந்தம்?

போன மாரியில் மூன்று நாள் விடாமல் மழை அடித்தது. ஒழுங்கையில் முழங்கால் அளவு தண்ணீர். முன்வீட்டுப் பெரியம்மா விறாந்தையில் ஒரு கதிரையில் இருந்துகொண்டு இரண்டு காலையும் இன்னொரு கதிரையில் தூக்கி வைத்திருந்தார். 78 சூறாவளியைக் கண்டவர் அவர், மழைக்குப் பயப்படுகிற ஆள் இல்லை. என்னைக் கூப்பிட்டு மதிலோரத்துக் கானைக் காட்டினார்.

"பார் மனே, தண்ணி எந்தப் பக்கம் போகுது எண்டு."

குனிந்து பார்த்தேன். ஒரு சொப்பின் பேக், இரண்டு பலாவிலை, ஒரு சிரட்டை. மூன்றும் மெதுவாக மிதந்து வந்துகொண்டிருந்தன, வாவிப் பக்கமிருந்து எங்கள் வீடுகளை நோக்கி.

சின்ன வயதிலிருந்து பார்க்கிற கான் அது. எங்கள் தண்ணீரை வாவிக்குக் கொண்டுபோகத்தான் அதை வெட்டினார்கள். அன்றைக்கு அது வாவியை எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தது. அந்த நாளிலிருந்து எனக்கு இந்தக் கான் பற்றிய யோசனைதான். அதைப் பின்தொடர்ந்து போனால் எங்கள் அரசியல் முழுக்க அதற்குள் கிடக்கிறது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் தண்ணீர் ஏன் திரும்பி வந்தது என்று சொல்கிறேன். மட்டக்களப்பு நகரம் கடல் மட்டத்தை ஒட்டிக் கிடக்கிறது. வாவியோ ஏறத்தாழ 56 கிலோமீட்டர் நீளம். உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்கள் வான் பாய்ந்தால் அந்தத் தண்ணீர் வாவிக்குத்தான் வரும். வாவிக்கு மேற்கே படுவான்கரை வயல்களில் பெய்கிற மழையும் அங்கேதான் வந்து சேரும். அவ்வளவும் கடலுக்குப் போக இருக்கிற வழிகள் இரண்டு: இங்கே பாலமீன்மட்டு முகத்துவாரம், தெற்கே கல்லாற்றுப் பக்கம் இன்னொன்று. கோடையில் கடல் மண்ணை ஒதுக்கி அந்த வாயை அடைத்துவிடும். வாய் அடைபட்டிருக்கிற நேரம் பெருமழை வந்தால் வாவி ஏறும், வாவி ஏறினால் கான்களின் வாய் மூழ்கும். அதற்குப் பிறகு கான் கண்ணாடி மாதிரிச் சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் போக இடமில்லை.

முகத்துவாரத்தை எப்போது வெட்டுவது என்பது வருஷா வருஷம் இங்கே பெரிய பேச்சு. படுவான்கரையில் வயல் செய்கிறவர் நேரத்தோடு வெட்டச் சொல்வார், பயிர் நாலு நாள் தண்ணீருக்குள் கிடந்தால் அழுகிப் போகும். வாவியில் இறால் பிடிக்கிறவர் பொறுக்கச் சொல்வார், அவசரப்பட்டு வெட்டினால் மீனும் இறாலும் தண்ணீரோடு கடலுக்குப் போய்விடும், அவருக்கு அந்த வருஷத்து உழைப்பே போய்விடும். இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கிறது. இரண்டு பேருக்கும் சங்கம் இருக்கிறது, கூட்டத்துக்குப் போய்ப் பேச ஆள் இருக்கிறது. ஒழுங்கைகளில் இருக்கிற எங்களுக்காக அந்த மேசையில் யார் இருக்கிறார்கள்? எங்கள் வீட்டுக்குள் எத்தனை அங்குலம் தண்ணீர் வந்தது என்று எந்தக் கூட்டத்தில் யார் சொல்கிறார்கள்?

வெள்ளம் வடிந்த பிறகு ஒழுங்கைச் சனம் கையெழுத்து வைத்து ஒரு கடிதம் எழுதினோம். அதை எடுத்துக்கொண்டு நான் மூன்று கந்தோருக்குப் போனேன். பெயர் சொல்லி யாரையும் குற்றம் சாட்டுவதற்காக இதை எழுதவில்லை, அங்கே இருந்தவர்கள் மரியாதையாகத்தான் பேசினார்கள். முதல் கந்தோரில், "கானைத் துப்புரவாக்கலாம் தம்பி, ஆனால் தண்ணீர் போகிற மதகு எங்களுடையது இல்லை" என்றார்கள். மதகுக்குப் பொறுப்பானவர்கள் என்று சொல்லப்பட்ட இரண்டாவது கந்தோரில், "மதகு சரியாகத்தான் இருக்கிறது, அதற்கு அங்கால் அடைபட்டிருந்தால் நாங்கள் என்ன செய்வது சேர்?" என்று என்னையே கேட்டார்கள். மூன்றாவது இடத்தில் கடிதத்தை வாங்கி, திகதி முத்திரை குத்தி, ஒரு கோவைக்குள் வைத்தார்கள். அந்தக் கோவையின் தடிப்பைப் பார்த்தபோது எங்கள் ஒழுங்கை மாதிரி எத்தனை ஒழுங்கைகளின் கடிதம் அதற்குள் கிடக்கிறது என்று நெஞ்சு கனத்துப் போயிற்று.

இது எங்கள் ஒழுங்கையோடு முடிகிற கதை இல்லை. இந்த நாட்டில் ஏ, பி வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையினுடையவை. சி, டி வகை வீதிகள் மாகாணத்தினுடையவை. மிச்சமெல்லாம் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபைகளினுடையவை. காகிதத்தில் பார்த்தால் ஒழுங்கான பிரிப்புத்தான். ஆனால் மழைத்தண்ணீர் பிரதேச சபை ஒழுங்கையில் தொடங்கி, மாகாண வீதியைக் கடந்து, பெருவீதி மதகுக்குள்ளால் போய், வாவியில் விழுகிறது. நூறு யார் தூரத்துக்குள் மூன்று சொந்தக்காரர். மூன்று பேரையும் ஒரு மேசைக்குக் கூப்பிடுகிற அதிகாரம் உள்ளவர், அதுவும் நாங்கள் வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்தவர், யார்?

அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் மாகாண சபை இருக்க வேண்டும். அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின்படி உள்ளூராட்சி மாகாணத்துக்குரிய விடயம். எங்கள் மாவட்டத்தில் 12 உள்ளூராட்சி சபைகள். அவற்றில் பல வாவியைச் சுற்றித்தான் இருக்கின்றன. மட்டக்களப்புக்கு ஒரு சபை, காத்தான்குடிக்கு ஒன்று, ஆரையம்பதிப் பக்கம் ஒன்று, ஏறாவூருக்கு ஒன்று. வாவி ஒன்றுதான். ஒரு சபை கரையில் மண் நிரப்ப விட்டால் இன்னொரு சபைக்குள் தண்ணீர் ஏறும். இவ்வளவு சபைகளுக்கும் மேலே நின்று ஒரே திட்டமாக வடிகாலைப் பார்க்கக்கூடிய இடம் திருகோணமலையில் இருக்கிற கிழக்கு மாகாண சபைதான்.

அந்தச் சபை 2017 செப்டெம்பர் முடிவோடு கலைந்தது. இன்றுவரை தேர்தல் இல்லை. தொகுதியும் விகிதாசாரமும் கலந்த புதிய முறை என்று 2017இல் சட்டத்தைத் திருத்தினார்கள். அதற்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் தோற்கடித்தது. பழைய முறையும் இல்லை, புதிய முறையும் இல்லை என்று நடுவில் தொங்குகிறது. அதன் பிறகு ஜனாதிபதிகள் மாறினார்கள், அரசாங்கங்கள் மாறின, ஆளுநர்கள் மாறினார்கள். மாகாணம் மட்டும் ஆளுநரின் கையிலேயே இருக்கிறது. ஆளுநர் நல்லவரா இல்லையா என்பது என் பேச்சு இல்லை. அவரை நான் தெரிவு செய்யவில்லை. என் ஒழுங்கையில் தண்ணீர் நின்றால் அடுத்த முறை அவருக்கு வாக்குப் போடமாட்டேன் என்று சொல்ல எனக்கு வழி இல்லை. எனக்குக் கவலை அதுதான்.

2017 என்றதும் இன்னொன்றும் ஞாபகத்துக்கு வருகிறது. அந்த வருஷம்தான் காந்தி பூங்காவில் வேலையற்ற பட்டதாரிகள் நூறு நாளுக்கு மேலாகச் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். வெயிலிலும் மழையிலும் கிடந்தார்கள். அப்போதாவது மாகாண அமைச்சர் என்று ஒருவரின் கதவைத் தட்ட முடிந்தது. இப்போது ஆசிரியர் இடமாற்றமோ, ஆதார வைத்தியசாலையில் ஆள் பற்றாக்குறையோ எதுவென்றாலும் அந்தக் கதவே இல்லை.

மாநகர சபைக்கும் இதே கதைதான். 1967இல் மாநகர சபையான ஊர் நாங்கள். 2008 மார்ச்சில் இங்கே உள்ளூராட்சித் தேர்தல் நடந்தபோது அது 14 வருஷத்துக்குப் பிறகு வந்த தேர்தல். அதற்கடுத்தது 2018 பெப்ரவரியில். அந்தச் சபையின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. தேர்தல் வைக்கக் காசு இல்லை என்று தள்ளிப்போட்டு, கடைசியில் 2025 மே 6ஆம் திகதிதான் வாக்குப் போட்டோம். 17 வருஷத்தில் மூன்று தேர்தல். இடையில் வருஷக்கணக்காக அதிகாரிகள்தான் சபையை நடத்தினார்கள். அந்த மேயிலும் நாட்டிலுள்ள 341 சபைகளில் 339க்குத்தான் தேர்தல். எல்பிட்டிய பிரதேச சபைக்கு முந்திய வருஷமே முடிந்திருந்தது. விடுபட்டது எங்கள் அயலூரான கல்முனை மாநகர சபை. அங்கே வழக்கு. கல்முனைச் சனத்துக்கும் மழை பெய்கிறது, அங்கேயும் கான் இருக்கிறது. தமிழரும் முஸ்லிம்களும் பிரதேச செயலகத்துக்காகவும் எல்லைக்காகவும் பல வருஷமாக மனக்கசப்போடு நிற்கிற ஊர் அது. அப்படிப்பட்ட ஊருக்குத்தான் தெரிவான சபை ஒன்று எல்லாவற்றையும்விட அவசரமாகத் தேவை. உறுப்பினர்கள் முகத்துக்கு முகம் இருந்து பேசவேண்டிய இடம் பூட்டிக் கிடந்தால் பேச்செல்லாம் வீதிக்குத்தான் வரும்.

சரி, அரசாங்கத்தை மட்டும் சொல்லி நிறுத்தினால் நான் நேர்மையாக எழுதியவன் ஆகமாட்டேன். எங்கள் பக்கமும் பார்க்க வேண்டும்.

2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் நாடு முழுக்கத் தேசிய மக்கள் சக்தி அலை அடித்தபோது 22 தேர்தல் மாவட்டங்களில் அந்த அலைக்குப் பணியாத ஒரே மாவட்டம் மட்டக்களப்பு. தமிழரசுக் கட்சிக்கு மூன்று ஆசனம் கொடுத்தோம். அதில் எனக்குப் பெருமை உண்டு. மயிலத்தமடு மேய்ச்சல் தரையைக் கேட்டுப் பால்பண்ணையாளர் தெருவில் கிடக்கும்போது, காணியும் அதிகாரமும் இன்னும் தீராத கேள்வியாக இருக்கும்போது, இந்த மாவட்டம் தன் குரலைத் தன் கையில் வைத்துக்கொண்டது சரிதான். ஆனால் அதே மனத்தோடு மாநகர சபைத் தேர்தலுக்கும் போகிறோம். வீட்டுக்கு வந்த வேட்பாளர்களிடம் இனப்பிரச்சினையைக் கேட்டோம், கட்சி உடைவைக் கேட்டோம், தலைமையை யார் பிடிப்பார் என்று கேட்டோம். எங்கள் வீட்டு விறாந்தையில் மூன்று கட்சிக்காரர் இருந்து தேத்தண்ணீர் குடித்துப் போனார்கள். அவர்களில் ஒருவரிடமும் நான் கானைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒருவராவது எழுந்து போய் அதைப் பார்த்திருப்பார். படலைக்கு வெளியே பத்து எட்டுத் தூரம்தான்.

இப்போது வட்டார உறுப்பினர் என்று ஒருவர் இருக்கிறார். 2018இல் வந்த முறையின் நல்ல பக்கம் இது. எந்தக் குறை சொன்னாலும், ஒரு வட்டாரத்துக்கு ஓர் ஆள், அவர் வீடு எங்கே என்று எல்லோருக்கும் தெரியும். எங்கள் உறுப்பினரை வீட்டில் போய்ச் சந்தித்தேன். மோட்டார் சைக்கிளில் வந்து கானைப் பார்த்தார், செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கியும் பார்த்தார். "எனக்கு இதில் எது எங்களுடையது என்று எழுத்தில் வேண்டும் அண்ணன், அப்போதுதான் சபையில் பேசலாம்" என்றார். நல்ல யோசனை. அப்புறம்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பம் போட்டேன்.

2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம் அது. ஏன் தகவல் வேண்டும் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாளுக்குள் சொல்ல வேண்டும். சட்டத்தரணி வேண்டாம், ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தால் போதும். நான் மூன்று கேள்வி கேட்டேன்: இந்தக் கான் எங்கிருந்து எங்குவரை யாருடைய பொறுப்பு? கடைசியாக எப்போது துப்புரவாக்கினீர்கள்? மதகுக்கும் வாவிக்கும் இடையில் இருக்கிற காணித்துண்டு யாருடையது?

பதில் வந்தது. ஒரே ஒரு தாள். முதல் இரண்டு கேள்விக்கும் விவரம் இருந்தது. மூன்றாவதற்கு, அது வாவிக் கரையோரம் விட்டுவைத்திருக்கிற ஒதுக்கு நிலம் என்று எழுதியிருந்தார்கள். நேரில் போய்ப் பார்த்தேன். அந்த ஒதுக்கு நிலத்தில் மண் கொட்டி நிரப்பி, மதில் எழுப்பியிருக்கிறது. மதகின் வாய்க்கு நேரே கொங்கிறீட் அத்திவாரம். தண்ணீர் போவதற்கு ஒரு சாண் அகலத்தில் குழாய் ஒன்று விட்டிருக்கிறார்கள், அதற்குள்ளும் பொலித்தீன். பெரியம்மா காட்டிய சிரட்டை ஏன் திரும்பி வந்தது என்பதற்கு வாவி ஏறியது ஒரு காரணம். அதை விட்டால் இது.

அந்தத் தாளைப் பார்த்தபோது எனக்குக் கோபத்தைவிட நிம்மதிதான் வந்தது. இதுவரை ஒருவருக்கும் சொந்தமில்லாமல் கிடந்த கானுக்கு இப்போது எழுத்தில் சொந்தக்காரர் இருக்கிறார்கள். பிரதி ஒன்றை உறுப்பினரிடம் கொடுத்துவிட்டேன். மற்றதைக் கண்ணாடி உறைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

அடுத்தது வரவுசெலவுத் திட்டம். அடுத்த வருஷத்துக்கான வரைவை நிறைவேற்றுவதற்கு முன்னர் சபை பொதுமக்களின் பார்வைக்கு வைக்கும். போய்ப் பார்க்கிறவர்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான். இந்த முறை எங்கள் ஒழுங்கையிலிருந்து நாலு பேராவது போகிறோம். வடிகானுக்கு எவ்வளவு, எந்த வட்டாரத்துக்கு எவ்வளவு, பெக்கோ இயந்திர வாடகைக்கு எவ்வளவு என்று எழுதிக்கொண்டு வருவோம். எங்கள் வட்டாரத்துக்கு ஒன்றும் இல்லை என்றால் அதையும் எழுத்தில் கேட்போம்.

மாகாண சபைத் தேர்தலைக் கேட்கிற கையெழுத்து எங்கேயாவது வைத்தால் நான் முதல் ஆளாக வைப்பேன். எந்தக் கட்சி சேகரித்தாலும் வைப்பேன், காத்தான்குடியில் வைத்தாலும் போய் வைப்பேன். அதுவரைக்கும் கையில் இருக்கிறது இந்த ஒரு சபை, இந்த ஒரு தாள்.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் பெரியம்மா வீட்டு விறாந்தையில் கூடுகிறோம். ஒழுங்கைக்காரர் எல்லோரும் வாருங்கள். அயல் ஒழுங்கைகளில் இருக்கிறவர்களும் வரலாம், உங்கள் கானும் அதே மதகுக்குத்தான் வருகிறது. வெள்ளம் ஏறிய அன்று எடுத்த படங்கள் போனில் இருந்தால் அழித்துவிடாதீர்கள், கொண்டுவாருங்கள். சபைக்குக் கட்டுகிற சோலைவரிப் பற்றுச்சீட்டையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.