கார்பெட்டுக்கு அடியில் மின்சூடேற்றி வைக்கலாமா?

"கார்பெட்டுக்கு அடியில் தரையைச் சூடாக்கும் மின்சூடேற்றி வைத்தால் தீப்பிடிக்கும், வைக்கவே கூடாது" என்று பிரிட்டனில் சுற்றும் தகவல் தவறு. கார்பெட்டுக்கு ஏற்றதெனத் தயாரிப்பாளர் சொல்லும் அமைப்பைத் தாராளமாக வைக்கலாம்.

பார்க்க வேண்டியது வெப்பத்தடை. கார்பெட்டும் அடிவிரிப்பும் சேர்ந்து 2.5 டாக் (வெப்பத்தடையை அளக்கும் அலகு) தாண்டக் கூடாது. 1.5 டாக் கார்பெட்டுக்கு 1 டாக் விரிப்பு சரி. காலுக்கு மெத்தென்று இருக்கிறதே என்று தடித்த நுரைவிரிப்பைப் போட்டால் சூடு மேலே வராது. தரையின் சூட்டை அளக்கும் உணரி முன்கூட்டியே மின்சாரத்தை நிறுத்த, அறை குளிர்ந்தே கிடக்கும்.

உண்மையான ஆபத்து சுவரோரத்தில். கார்பெட்டைப் பிடிக்கும் ஆணிப்பட்டை அடிக்கும்போது சூடேற்றும் கம்பி துளைபடும். அந்த ஓரத்தைக் காலியாக விட்டே சூடேற்றும் கம்பி பதித்த பாயை விரியுங்கள். கம்பியை வெட்டிக் குட்டையாக்காதீர்கள். கம்பியின் மின்தடையைப் பாய் விரிக்கும் முன்பும் பின்பும், கார்பெட் போட்டபின் ஒருமுறையும் அளந்து குறியுங்கள். 30 மில்லியாம்பியர் ஆர்.சி.டி. (மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) கட்டாயம்.