பெர்ட் ஷெப்பர்டுக்கு இன்னொரு ஆட்டம் கொடுத்திருக்க வேண்டும்

1945இல் ஒற்றைக் கையோடு செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் அணிக்கு 77 ஆட்டம் ஆடிய பீட் கிரேயைப் பேஸ்பால் பார்க்கிறவர்களில் சிலருக்காவது தெரியும். அதே ஆண்டில் செயற்கைக் காலோடு பந்து வீசிய பெர்ட் ஷெப்பர்டைச் சொல்கிறவர்கள் குறைவு, சொன்னாலும் ‘என்ன மன உறுதி!’ என்று கண் கலங்கிவிட்டுப் போய்விடுகிறார்கள். எனக்கு அதில்தான் கோபம். அன்றைக்கு அவர் எப்படி வீசினார் என்று பேசவே மாட்டேன் என்கிறார்கள்.

ஷெப்பர்ட் அமெரிக்காவின் இந்தியானா மாநிலத்துக்காரர். போரில் பி-38 என்ற போர் விமானம் ஓட்டி, 1944 மே மாதம் ஜெர்மனியில் சுட்டு வீழ்த்தப்பட்டார். ஆத்திரத்தோடு சூழ்ந்துகொண்ட ஊர்க்காரர்களிடமிருந்து அவரைக் காப்பாற்றியது லாடிஸ்லாஸ் லாய்டில் என்ற எதிரித் தரப்பு மருத்துவர். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கைதி முகாமில் கனடாக்காரர் ஒருவர் ஒரு கால் செய்து கொடுக்க, அதை மாட்டிக்கொண்டு அங்கேயே பந்து எறிந்து பழகியிருக்கிறார். 1945 தொடக்கத்தில் கைதிப் பரிமாற்றத்தில் நாடு திரும்பி, அப்புறம் வாஷிங்டன் செனட்டர்ஸ் என்ற பேஸ்பால் அணியில் சேர்ந்தார். அங்கே கிடைத்தது பயிற்சியாளர் வேலை, மட்டை பிடிப்பவர்களின் பயிற்சிக்குப் பந்து வீசும் வேலை.

ஆகஸ்ட் 4. பேஸ்பாலில் ஒரு அணிக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றும் மூன்று அவுட் வரை. நான்காவது இன்னிங்ஸில் மட்டும் எதிரணியான பாஸ்டன் ரெட் சாக்ஸ் 12 ரன் எடுத்துவிட்டது, ரன்னுக்காக ஓடிக் கடக்க வேண்டிய மூன்று பேஸிலும் ஆள் நிற்கிறார்கள், இனி இழக்க ஒன்றுமில்லை என்ற நிலையில்தான் ஷெப்பர்டைக் கூப்பிட்டார்கள். வந்ததும் பாஸ்டனின் ஜார்ஜ் மெட்கோவிச்சை ஸ்ட்ரைக் அவுட் செய்தார், அதாவது சரியாக அடிக்கவே விடாமல் வெளியேற்றினார். பிறகு ஆட்டம் முடியும்வரை அவரே வீசினார். மொத்தம் 5 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும் வீசி, விட்டுக்கொடுத்தது 3 ஹிட் (அடித்துவிட்டு பேஸ் சேர்வது), 1 ரன்.

ஷெப்பர்ட் இடதுகைப் பிட்சர், அதாவது பந்துவீச்சாளர், என்பதைக் கவனியுங்கள். இடது காலால் உந்தி, உடம்பு முழுவதையும் வலது காலில் இறக்க வேண்டும். நம் வேகப் பந்துவீச்சாளர்கள் முன்காலை ஊன்றும்போது அந்தக் காலுக்கு என்ன பாடு என்று பார்த்திருப்போம், இவருக்கு அந்த முன்கால்தான் செயற்கைக் கால், அதில் இறங்கி இறங்கி எழுந்துதான் ஐந்து இன்னிங்ஸுக்கு மேல் வீசியிருக்கிறார்.

தோற்றுப்போன ஆட்டம், பாஸ்டன்காரர்கள் அசட்டையாக ஆடியிருப்பார்கள் என்று சொல்லலாம். சரி, அப்படியென்றால் இன்னொரு ஆட்டத்தில் இறக்கிப் பார்த்திருக்கலாமே? செனட்டர்ஸிடம் நல்ல பிட்சர்கள் இருந்தார்கள், நக்கில்பால் என்ற, சுழலாமல் தள்ளாடி வரும் பந்தை வீசுபவர்களே நான்கு பேர், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த அணி அந்த ஆண்டு டெட்ராய்ட்டிடம் லீக் பட்டத்தைக் கோட்டைவிட்டது வெறும் ஒன்றரை ஆட்ட இடைவெளியில். ஆகஸ்ட் 31 அன்று சொந்த மைதானத்திலேயே ஷெப்பர்டின் நெஞ்சில் போர்ப் பதக்கம் குத்தினார்கள். பந்தை மட்டும் திரும்ப அவர் கையில் கொடுக்கவே இல்லை.

அதன் பிறகும் சிறிய லீக்குகளில் ஆடினார். 1968இலும் 1971இலும் கால் கை இழந்தோருக்கான அமெரிக்க கோல்ஃப் போட்டியில் சாம்பியன் ஆனார். 1993இல் ஆஸ்திரியாவுக்குப் போய் லாய்டிலைக் கண்டு நன்றி சொன்னார்.