மனநோயாளியை லாக்கப்பில் வைக்கலாம் என்பது தவறு

வடசென்னையின் காசிமேடு, தண்டையார்பேட்டைப் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் ஒரு குரல்பதிவு, சாலையில் திரியும் மனநோயாளியை நீதிமன்ற உத்தரவு வரும்வரை காவல் நிலைய லாக்கப்பில் வைத்திருக்கலாம் என்கிறது. இது தவறு.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், பிரிவு 100இன்படி, தன்னைக் கவனித்துக்கொள்ள இயலாமல் திரிபவரைப் பாதுகாப்பில் எடுக்கும் காவல் அதிகாரி, அதற்கான காரணத்தை அவரிடமோ, அவருக்குப் புரியாது எனத் தோன்றினால் அவர் நியமித்த பிரதிநிதியிடமோ சொல்லி, 24 மணி நேரத்திற்குள் அருகிலுள்ள அரசு மருத்துவமனையில் ஒப்படைக்க வேண்டும். எந்தச் சூழ்நிலையிலும் அவரை லாக்கப்பிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. அவர் வீடற்றவர் என்றால் காணாமற்போனவர் வழக்குப் பதிந்து குடும்பத்தைத் தேடுவதும் காவல் நிலையத்தின் கடமையே. முதலில் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற முறை 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருந்தது. வதந்தியின் வேர் அதுவாக இருக்கலாம்.

குற்ற வழக்கில் கைதான மனநோயாளியின் நிலை வேறு. அவரைக் காவலில் வைக்க முடியும் என்றாலும், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 53ஆம் பிரிவு கைதானவுடன் மருத்துவப் பரிசோதனையைக் கட்டாயமாக்குகிறது. வழக்கமான மாத்திரைகள் ஒரு நாள் தவறினாலும் நிலைமை மோசமாகலாம் என்பதால், கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையிலோ ஸ்டான்லி அரசு மருத்துவமனையிலோ தந்த மருந்துச் சீட்டின் நகலைக் குடும்பத்தினர் அந்தப் பரிசோதனையைச் செய்யும் மருத்துவரிடமும் நடுவரிடமும் காட்டுவது நல்லது. மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ் இலவச எண் 14416இல் தமிழிலேயே பேசலாம்.